தேயாத மைக்கட்டி

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)

நண்பர்களே, நம்ம டிராயிங் ஹாலில் கடைசி மேஜைக்குப் பின்னால் ஒரு மர பீரோ இருக்கிறது. கதவு சரியாகச் சாத்தாது. போன வருஷம் அதிலிருந்த பழைய டிராயிங் போர்டுகளை எடுத்து அடுக்கச் சொன்னார்கள். அப்போது உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில் கிடைத்தது. மூடி இறுகிப் போய்த் திறக்கவே இல்லை. லேபிளில் 'இந்தியன் இங்க்' என்று போட்டிருந்தது. மை காய்ந்து அடியில் கறுப்பு ஓடாகப் படிந்திருந்தது.

சாரிடம் கொண்டு போய்க் காட்டினேன். "இதுக்குப் பயந்து பயந்துதான்டா நாங்க டிப்ளமா முடிச்சோம்" என்று சிரித்தார். அவர் படித்த காலத்தில் பென்சிலில் போட்ட படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து இந்த மையால் கோடு இழுக்க வேண்டுமாம். மூன்று நாள் வேலை முடிகிற நேரத்தில் பேனாவிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் கதை முடிந்தது. பாதி பிளேடை வைத்துச் சுரண்டி எடுப்பார்களாம். தண்ணீர் விட்டுத் துடைத்தால் போகாது, ஏனென்றால் அதில் அரக்கு கலந்திருக்கிறது. இன்று நமக்கு ஆட்டோகேடில் ஒரு 'அன்டூ' போதும். கொடுத்து வைத்தவர்கள் நாம்!

"இந்தியன் இங்க்னா நம்ம ஊர்ல கண்டுபிடிச்சதா சார்?" என்று கேட்டேன். "பேருதான் அப்படி. பிரெஞ்சுக்காரன் இதையே சீன மைன்னு சொல்றான்" என்றார்.

ஒரே பாட்டில், இரண்டு ஊர்ப் பேர்! இது எப்படி? இந்தக் கேள்வி மண்டையைக் குடைந்தது. ஒரு சனிக்கிழமை தாம்பரத்தில் ரயிலேறி, சைதாப்பேட்டையில் இறங்கி, கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போனேன். மை பற்றிப் படிக்கப் போன எனக்கு அங்கே ஒரு புத்தகத்தில் சில வண்ணப் படங்கள் கண்ணில் பட்டன. உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் கட்டிகள். ஒன்றின் மேல் தங்கத்தில் டிராகன், ஒன்றின் மேல் மாளிகை, இன்னொன்றின் மேல் ஏர் உழுகிறவன். ஏதோ நகைப்பெட்டி சாமான் என்றுதான் முதலில் நினைத்தேன். கீழே படித்தால், எல்லாம் மை! தண்ணீர் விட்டு உரைத்து எழுதுகிற மை. சீனச் சக்கரவர்த்திகளுக்காகச் செய்தது. அவற்றில் பல ஒருமுறைகூட உரைக்கப்படவில்லை.

எழுதாத மையை எதற்குச் செய்தார்கள்? நான் படித்துப் புரிந்து கொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் பேர் விஷயம். ஐரோப்பாக்காரர்கள் கப்பலில் கிழக்கிலிருந்து வந்த சரக்கு பலவற்றுக்கும் 'இந்தியா' என்று பேர் ஒட்டிய காலம் ஒன்று உண்டு. அப்படித்தான் சீனத்து மையும் ஆங்கிலத்தில் 'இந்தியன் இங்க்' ஆகிவிட்டது. அதற்காக நம்மிடம் கரி மை இல்லாமல் இல்லை. மசி என்ற சொல்லே இருக்கிறதே! ஆனால் தமிழ்நாட்டில் எழுதியது ஓலையில். எழுத்தாணியால் கீறிவிட்டு, பிறகு கரியையும் இலைச்சாற்றையும் சேர்த்துத் தடவினால் கீறலில் கறுப்பு ஏறி எழுத்து தெரியும். அதாவது நமக்கு எழுத்து என்பது கீறல். மை அதற்குப் பின்னால் வருகிற வேலையாள். அதனால்தான் நம்ம ஊரில் மரியாதை எழுத்தாணிக்குப் போனது. சீனாவில் தூரிகையால் எழுதினார்கள். அங்கே மைதான் எழுத்து. மை மட்டமானால் எழுத்தே மட்டம். அதனால் மைக்கு அவ்வளவு சீராட்டு!

சீன மை பாட்டிலில் வராது, கட்டியாக வரும். வழவழப்பான ஒரு கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அந்தக் கட்டியை மெதுவாகச் சுற்றிச் சுற்றி உரைக்க வேண்டும். நம்ம வீட்டுச் சந்தனக் கல்லில் சந்தனக் கட்டையை உரைப்பது போலவேதான். வேண்டிய அளவு உரைத்து, எழுதி முடித்ததும் கட்டியைத் துடைத்து வைத்துவிடலாம். நம்ம ஊரிலும் மை பாட்டிலுக்கு முன்னால் பொடியாகவும் வில்லையாகவும் விற்றது தெரியுமா? கேம்லின் கம்பெனி 1931-இல் தொடங்கியபோது விற்றது குதிரை மார்க் மைப்பொடியும் மைவில்லையும்தான்.

இந்தக் கட்டிக்குள் இருப்பது இரண்டே பொருள், புகைக்கரியும் பசையும். பசை என்றால் மாட்டுத்தோல், மான்கொம்பு இவற்றைக் காய்ச்சி எடுப்பது. தச்சர்கள் பலகை ஒட்டுகிற வஜ்ஜிரம் இருக்கிறதே, அதே குடும்பம். கரித்துகளைச் சும்மா தண்ணீரில் போட்டால் மிதக்கும், இல்லை ஒன்றோடு ஒன்று சேர்ந்து அடியில் இறங்கும். பசை ஒவ்வொரு துகளையும் சுற்றிப் போர்த்திக் கொள்வதால் அவை விலகி விலகித் தண்ணீரில் நிற்கும். காகிதத்தில் காய்ந்ததும் அதே பசை பிடித்துக் கொள்ளும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த மை நாளாக நாளாகப் பழுப்பாகும், காகிதத்தையும் அரிக்கும். கரி அப்படியில்லை. வெயிலில் வெளுக்காது. பஸ் டயருக்குக் கறுப்பு கொடுப்பதும் இதே கார்பன் வகைதான்.

இனி நம்ம சப்ஜெக்ட். கரியை எப்படி எடுத்தார்கள்? சொங் யிங்ஷிங் என்பவர் 1637-இல் 'தியென்குங் கைவூ' என்று ஒரு புத்தகம் எழுதினார். உப்பு காய்ச்சுவது, இரும்பு உருக்குவது, பட்டு நெய்வது என்று எல்லாத் தொழிலையும் படம் போட்டு விளக்கிய புத்தகம். நம்ம ஒர்க்‌ஷாப் டெக்னாலஜி புத்தகத்துக்குக் கொள்ளுத்தாத்தா என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் மைக்கும் ஒரு பகுதி இருக்கிறது. பத்தில் ஒன்பது பங்கு மை பைன் மரக் கரியில் செய்வது, ஒரு பங்குதான் எண்ணெய்க் கரியில் என்கிறார்.

பைன் மரத்தில் பிசின் இருந்தால் மையில் கட்டி கட்டியாக நிற்கும். அதனால் மரத்தை வெட்டுவதற்கு முன்பே அடிப்பக்கத்தில் சின்னத் துளை போட்டு, உள்ளே ஒரு விளக்கு ஏற்றி வைப்பார்களாம். மெல்லச் சூடேற ஏற மரத்திலிருக்கும் பிசின் எல்லாம் அந்தத் துளை வழியே வழிந்துவிடும். பிறகு மரத்தை வெட்டுவார்கள். படகுக் கூரை மாதிரி மூங்கில் பின்னி, ஒன்றோடொன்று சேர்த்து, முப்பது மீட்டருக்கு மேல் நீளமாக ஒரு குகை கட்டி, இடைவெளி எல்லாம் காகிதமும் பாயும் ஒட்டி அடைப்பார்கள். ஒரு முனையில் நாள்கணக்கில் விறகு எரியும். ஆறிய பிறகு உள்ளே போய்ச் சுரண்டுவார்கள். கவனியுங்கள், கனமான துகள் அடுப்பு பக்கத்திலேயே விழுந்துவிடும். நைசான துகள்தான் கடைசி வரை பறந்து போகும். கடைசி ஒன்றிரண்டு பகுதியில் படிந்தது உயர்ந்த மைக்கு. நடுவில் இருப்பது சாதாரண மைக்கு. அடுப்பு பக்கத்தில் படிந்தது புத்தகம் அச்சடிக்கிறவனுக்கும், அரக்கு பூசுகிறவனுக்கும், சுவருக்குக் கறுப்பு அடிக்கிறவனுக்கும். சல்லடையே இல்லாமல் சலித்திருக்கிறார்கள்!

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. ஷென் குவோ என்று 11-ஆம் நூற்றாண்டில் ஓர் அறிஞர் இருந்தார் (1031–1095). மலை மலையாக பைன் மரம் வெட்டி வெட்டி மொட்டையாகிவிட்டது என்று அப்போதே எழுதி வைத்திருக்கிறார். அதோடு விடவில்லை. மண்ணிலிருந்து ஊறுகிற கல்லெண்ணெயை, அதாவது நம்ம பெட்ரோலியத்தை, எரித்துக் கரி எடுத்து மை செய்து பார்த்தார். பைன் மையைவிடப் பளபளப்பாக வந்ததாம். அவர் செய்தது பரவவில்லை என்பது வேறு விஷயம்.

சு துங்போ என்ற பெரிய கவிஞர் கதை இதைவிட வேடிக்கை. அரசின் கோபத்துக்கு ஆளாகி ஹைனான் தீவுக்கு அனுப்பப்பட்டவர். அங்கே பொழுது போகாமல் ஒரு மைக்காரரோடு சேர்ந்து வீட்டிலேயே பைன் எரித்துக் கரி எடுத்தார். நடுராத்திரியில் தீப்பிடித்து வீடே போயிருக்கும்! மைக்காரன் வேலையை மைக்காரனிடம் விடுவது நல்லது.

எண்ணெய்க் கரி எடுக்கிற விதத்தைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரிசையாக விளக்கு ஏற்றி, ஒவ்வொன்றின் மேலும் கிண்ணம் கவிழ்த்து, படிகிற கரியை உடனுக்குடன் வழித்தெடுப்பார்கள். மெதுவாக வழித்தால் கரி மேலும் வெந்து கெட்டுவிடும். ஒரு கெட்டிக்கார ஆள் இருநூறு விளக்கைப் பார்த்துக் கொள்வானாம். சில மையில் எழுதிய எழுத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் செவ்வொளி தெரியுமாம். அது எப்படி என்றால், விளக்குத் திரியை ஒரு செடியின் சாற்றில் ஊற வைத்து எரித்ததால் என்று எழுதியிருக்கிறார் சொங் யிங்ஷிங்.

இதை எங்க வீட்டில் ஆயா செய்வதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். உங்க வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து, நிழலில் காய வைத்து, திரியாக்கி, விளக்கெண்ணெய் அகலில் ஏற்றுவார்கள். இரண்டு பக்கமும் செங்கல் வைத்து மேலே பித்தளைத் தாம்பாளத்தைக் கவிழ்ப்பார்கள். காலையில் தாம்பாளத்தில் படிந்திருப்பதை வழித்து எண்ணெயில் குழைத்தால் கண்மை! சீனாக்காரன் எழுதுவதற்குச் செய்ததை ஆயா குழந்தைக் கண்ணுக்குச் செய்கிறார். முறை ஒன்றேதான்.

சரி, கரி வந்துவிட்டது. பிறகு? வெய் டான் என்று 3-ஆம் நூற்றாண்டில் ஒருவர். அவர் பெயரால் வழங்குகிற செய்முறை 6-ஆம் நூற்றாண்டு விவசாயப் புத்தகம் ஒன்றில் இருக்கிறது. பதினாறு பங்கு கரிக்கு ஐந்து பங்கு பசை, முட்டை வெள்ளைக் கரு, சாதிலிங்கம், கஸ்தூரி. எல்லாம் சேர்த்து இரும்பு உரலில் முப்பதாயிரம் உலக்கை இடி! அதற்கு மேல் இடித்தால் இன்னும் நல்லதாம். உயர்ந்த மையில் பச்சைக் கற்பூரமும் போடுவார்கள், பசை நாற்றம் தெரியாமல் இருக்க. பெருமாள் கோயில் தீர்த்தம் மாதிரி மணக்கும் என்று நினைத்துக் கொள்ளுங்கள். (அந்தக் கற்பூரத்துக்குப் பேர் போன சுமத்ராவின் பாரூஸ் துறைமுகத்தில் 1088-இல் தமிழ் வணிகர்கள் வைத்த தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. நம்ம ஆட்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள்.)

இடித்த மாவைச் சூடு ஆறுவதற்குள் உருட்டி மர அச்சில் வைத்து அழுத்த வேண்டும். இங்கேதான் மை கலைப்பொருளாகிறது. கட்டியின் மேல் வரும் படம், எழுத்து எல்லாம் அச்சில் இடம் வலம் மாறிச் செதுக்கியிருக்க வேண்டும். நம்ம பவுண்டரியில் பேட்டர்ன் செய்கிற அதே புத்தி. டிராகனின் மீசை முடி வரைக்கும் குழியாகச் செதுக்கியிருக்கிறார்கள். அச்சிலிருந்து எடுத்ததும் வெயிலிலோ காற்றிலோ வைத்தால் வெடித்துவிடும். நிழலில் புரட்டிப் புரட்டி மாதக்கணக்கில் காய வேண்டும். சிவில் நண்பர்களுக்குக் கியூரிங் என்றால் புரியும். கடைசியில் எழுத்துக்கும் படத்துக்கும் தங்கம் பூசுவார்கள்.

இதெல்லாம் பேர் பெற்ற ஊர் ஹுய்ஜோ, இன்றைய அன்ஹுய் மாநிலத்தின் தெற்கே இருக்கிற மலைநாடு. 10-ஆம் நூற்றாண்டில் அங்கே லி டிங்குய் என்ற மைக்காரர் இருந்தார். அவருடைய குடும்பத்துப் பேர் முதலில் 'ஷி'. மையின் அருமையைப் பார்த்து அரசர் தன்னுடைய 'லி' என்ற பேரையே அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். கரியில் வேலை செய்கிறவனுக்கு ராஜாவின் வம்சப் பேர்! அவர் செய்த கட்டி ஒன்று குளத்தில் விழுந்து, வெகுநாள் கழித்து எடுத்தபோது கரையாமல் அப்படியே இருந்ததாக ஒரு கதை. எவ்வளவு உண்மையோ!

இந்த ஊர்க்காரர்களின் கணக்கும் பெரிய கணக்கு. டுங் என்ற மரத்தின் கொட்டை எண்ணெயைத் தூரத்திலிருந்து சுமந்து வந்தால் கட்டுபடியாகாது. அதனால் எண்ணெய் மலிவாகக் கிடைக்கிற இடத்துக்கே ஆட்களை அனுப்பி, அங்கேயே தங்கி எரித்து, கரியை மட்டும் கொண்டு வரச் சொன்னார்கள். பதினாறு மூட்டை எண்ணெய்க்குப் பதில் சுமார் ஒரு மூட்டை கரி. லாரி வாடகை மிச்சம்!

தொழில் இருந்தால் போட்டியும் இருக்கும். 16-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ஹுய்ஜோவில் செங் ஜுன்ஃபாங், ஃபாங் யூலு என்று இரண்டு மைக்காரர்கள். ஃபாங் வறுமையில் வந்தவர். செங்கிடம் வேலை பார்த்துத் தொழில் கற்றவர். பிறகு தனிக்கடை போட்டார். 1588 வாக்கில் தன் மைக்கட்டி டிசைன்களை எல்லாம் அச்சடித்து அழகான புத்தகம் போட்டார். செங்குக்கு வயிறு எரிந்தது. நடுவில் ஒரு கொலை வழக்கில் அவர் ஜெயிலுக்கும் போனார். அதற்கும் ஃபாங்தான் காரணம் என்று நம்பினார். வெளியே வந்து 1606-இல் இன்னும் பெரிய புத்தகம் போட்டார். பெய்ஜிங்கில் இருந்த இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சியிடம் வாங்கிய கிறிஸ்தவப் படங்கள் நான்கையும் அதில் சேர்த்தார். அது போதாதென்று, காப்பாற்றியவனையே தின்னப் பார்த்த ஓநாய் கதையைப் படத்தோடு போட்டார். கூண்டிலிருந்து திறந்துவிட்டவனையே அடிக்கப் பார்த்த புலிக்கதை நமக்குத் தெரியுமே, கிட்டத்தட்ட அதேதான். ஓநாய் யார் என்று ஊருக்கே தெரியும்! வேடிக்கை என்னவென்றால், டிங் யுன்பெங் என்ற ஓவியர் இரண்டு பேருக்குமே படம் போட்டுக் கொடுத்திருக்கிறார். இரண்டு பக்கமும் கூலி வாங்கிய புத்திசாலி!

என்னைக் கேட்டால் நான் ஃபாங் பக்கம். வேலை கற்றுக் கொண்டவன் கடை போடக் கூடாதா? கற்றுக் கொடுத்தவருக்கு வேறு மாதிரி இருக்கும், அதுவும் சரிதான்.

இந்தச் சண்டையில் மை மாறிவிட்டது. எழுதிப் பார்த்து வாங்கிய காலம் போய், படத்தைப் பார்த்து வாங்குகிற காலம் வந்தது. பெரிய மனிதர்கள் வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டார்கள். அடுத்து வந்தவர்கள் சக்கரவர்த்திகள். காங்ஷி (ஆட்சி 1661–1722), அவருடைய பேரன் சியென்லுங் (ஆட்சி 1735–1796). அரண்மனையிலேயே மைப்பட்டறை வைத்தார்கள். ஹுய்ஜோவிலிருந்து காணிக்கையாகவும் மை வந்தது. வீணை மாதிரி, மணி மாதிரி, பழைய ஜேடு வட்டம் மாதிரி, விசிறி மாதிரி கட்டிகள். அரக்குப் பெட்டியில் பட்டுத்துணி விரித்துக் குழி குழியாக அடுக்கியிருப்பார்கள். கறுப்பு மட்டுமா? சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், வெள்ளை என்று வண்ண மைக்கட்டிகள் வேறு. இதில் சாதிலிங்கச் சிவப்புக்கு ஒரு தனி அதிகாரம். அதிகாரிகள் கறுப்பில் எழுதி அனுப்பும் கடிதத்தில் சக்கரவர்த்தி சிவப்பு மையில்தான் உத்தரவு எழுதுவார். நம்ம சர்ட்டிபிகேட்டில் கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் போடும் கையெழுத்தை நினைத்துக் கொள்ளுங்கள். மையின் நிறத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

சக்கரவர்த்தி மந்திரிகளுக்கு மைக்கட்டி பரிசாகக் கொடுப்பார். யாராவது அதைக் கல்லில் தேய்ப்பார்களா? கும்பிட்டு வாங்கி உள்ளே வைத்து விடுவார்கள். அப்படித்தான் தேயாத கட்டிகள் சேர்ந்தன.

படித்துக் கொண்டே வந்த எனக்கு இந்த இடத்தில் கோபம் வந்தது. முப்பதாயிரம் இடி இடித்தவன் ஒருவன். இருநூறு விளக்குப் புகையில் உட்கார்ந்தவன் ஒருவன். அவர்கள் செய்த மை ஓர் எழுத்துக்கூட எழுதவில்லையே! கட்டியின் ஓரத்தில் கடைக்காரர் பேர் பொறித்திருக்கும், சக்கரவர்த்தியின் ஆண்டு பொறித்திருக்கும். விளக்கு பார்த்தவன் பேர் எங்கும் இல்லை. நான் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்க வீட்டில் எனக்கு முன்னால் மை பட்டது பெருவிரலில் மட்டும்தான். தாத்தாவும் ஆயாவும் கைநாட்டு. இப்போது ரேஷன் கடை மெஷினில் விரலை வைத்தால் போதும், அந்த மையும் தேவையில்லாமல் போய்விட்டது.

புத்தகத்தில் பார்த்த ஏர் உழுகிற கட்டியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? காங்ஷி 1696-இல் உழவும் நெசவும் பற்றி 46 படங்கள் கொண்ட தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். உழவுக்கு 23, நெசவுக்கு 23. விதை ஊற வைப்பதிலிருந்து களத்தில் தூற்றுவது வரை எல்லாம் இருக்கும். பிறகு சியென்லுங் காலத்தில் அந்தப் படங்களையே மைக்கட்டி வரிசையாகச் செய்தார்கள். அந்த நடவுப் படத்தை ஆயாவிடம் காட்டினேன். ஆயா முடிச்சூர் பக்கம் வயலாக இருந்த காலத்தில் நடவு நட்டவர். கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னாடா கண்ணு, ஆம்பளைங்க நடறாங்க?"

"அங்க அப்படித்தான் ஆயா."

"அப்ப பொம்பளைங்க இன்னா பண்றாங்க?"

"பட்டு நெய்யறாங்க."

"நாத்து முடியப் புடிச்சிருக்கறது மட்டும் சரியா கீது" என்று சொல்லிப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். அச்சு செதுக்கியவன் யாரோ, வயலைப் பார்த்தவன்தான் போலிருக்கிறது.

என் கோபத்தைக் கொஞ்சம் குறைத்தது இன்னொரு வரிசை. ஹு கைவென் என்பவர் 18-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மைக்கடை, பிறகு ஹுய்ஜோவிலேயே பெரிய கடையானது. ஜியாசிங் சக்கரவர்த்தி காலத்தில் (1796–1820) அந்தக் கடை 64 மைக்கட்டிகள் கொண்ட ஒரு வரிசை செய்தது. ஒவ்வொரு கட்டியிலும் பெய்ஜிங் அரசத் தோட்டங்களின் ஒரு மாளிகை. கூரை ஓடு, படிக்கட்டு, பாலம், மரம் எல்லாம் சுண்டுவிரல் அகலத்தில்! யுவான்மிங்யுவான் என்ற பெரிய அரண்மனைத் தோட்டமும் அதில் உண்டு. 1860 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் அந்தத் தோட்டத்தைக் கொள்ளையடித்தன. பிறகு பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு உத்தரவால் தீ வைத்தார்கள். மர மாளிகைகள் கரியாயின. (அந்தச் சீனப் போருக்குப் போன படையில் நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனிகளும் இருந்தன என்பதைப் படித்தபோது ஒரு மாதிரி இருந்தது.) மாளிகை எரிந்து போயிற்று. கரியில் செய்த மாளிகை பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. அந்தக் கட்டியை யாராவது உரைத்து எழுதியிருந்தால்? மாளிகையும் இல்லை, படமும் இல்லை. அந்த மர அச்சுகள் அன்ஹுய் மியூசியத்தில் இன்றும் இருக்கின்றன. ஹுய்ஜோ மைத்தொழிலை 2006-இல் சீன அரசு தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இவ்வளவு படித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? நானும் செய்து பார்த்தேன்! முதல் தடவை சித்திரை மாதம். ஆயாவின் தாம்பாளம், கரிசலாங்கண்ணித் திரி, ஆறு ராத்திரி, 200 மில்லி விளக்கெண்ணெய். சொங் யிங்ஷிங் கணக்குப்படி 12 கிராம் கரி வர வேண்டும். லேப் தராசில் நிறுத்தால் 4 கிராம். (ராத்திரி எழுந்து வழிக்காமல் நான் தூங்கியதுதான் காரணம்.) மார்க்கெட்டில் வாங்கிய வஜ்ஜிரம் ஒன்றேகால் கிராம். அம்மிக்குழவியால் இடித்தேன். எண்ணினேன், எண்ணூறு இடிக்கு மேல் கை தூக்கவில்லை. இரண்டே நாளில் செத்த எலி நாற்றம்! நாலாம் நாள் நடுவில் வெடித்துவிட்டது. வெய் டான் அன்றைக்கே எழுதியிருக்கிறார், வெயில் காலத்தில் மை செய்தால் அழுகும், கடுங்குளிரில் செய்தால் காயாது என்று. ஜப்பானில் நாரா ஊரில் 1577-இல் தொடங்கிய கோபாயென் என்ற மைக்கடை இன்றைக்கும் குளிர்மாதங்களில்தான் மை செய்கிறது. படித்துவிட்டும் சித்திரையில் செய்தவனை என்ன சொல்வது?

கார்த்திகையில் மறுபடியும் செய்தேன். இந்தத் தடவை அலாரம் வைத்து எழுந்து வழித்ததில் 7 கிராம். கார்ப்பென்டரி ஒர்க்‌ஷாப்பில் மிஞ்சிய தேக்குத் துண்டில் அச்சும் செதுக்கினேன். மேலே 'அ' என்று ஓர் எழுத்து. அச்சிலிருந்து எடுத்துப் பார்த்தால் 'அ' திரும்பிக் கொண்டு நிற்கிறது! மிரர் இமேஜ் என்று நண்பர்களுக்கெல்லாம் விளக்கிய நான் அதையே மறந்துவிட்டேன். போகட்டும். இரண்டு மாதம் அரிசிப் பானைக்குப் பின்னால் நிழலில் காய்ந்தது. வெடிக்கவில்லை. நாற்றமும் இல்லை. தட்டினால் 'டிக்' என்று கல் மாதிரி சத்தம். உரைத்து டிராயிங் ஷீட்டில் ஒரு கோடு இழுத்தேன். கொஞ்சம் பழுப்பு ஓடிய கறுப்பு, ஆனால் நம்ம கறுப்பு. அதற்கு மேல் தேய்க்க மனசு வரவில்லை. சக்கரவர்த்தியைத் திட்டிய நானே கட்டியை ஜியாமெட்ரி பாக்ஸில் பஞ்சு வைத்து மூடி வைத்தேன். பேரவை கண்காட்சியில் வைக்கலாம் என்று ஆசை.

போன வாரம் காலேஜ் விட்டு வந்தால் பாக்ஸ் திறந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு முதல் பிறந்த நாள். ஆயா என் கட்டியைச் சந்தனக் கல்லில் உரைத்து, குழந்தையின் கன்னத்தில் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துக் கொண்டிருந்தார். "நல்லா கருகருன்னு வருதுடா" என்றார். பாதிக் கட்டிதான் மிச்சம், 'அ'வில் ஒரு கால் போய்விட்டது. கண்காட்சியில் முதல் மேஜையில் வைத்திருக்கிறேன், வந்து பாருங்கள்.